இழுத்துக்கொண்டிருந்த குழி

அல்லிவட்டம் நகர் மூன்றாம் குறுக்குத் தெருக்காரர்களிடம் களிமண்ணைப் பற்றி மட்டும் வாய் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் விடமாட்டார்கள், வெயில் காலத்தில் அது குதிகால் மாதிரி வெடித்துக் கிடப்பதையும், மழைக்காலத்தில் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்வதையும், எது செய்தாலும் தண்ணீரை மட்டும் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதையும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். தெருவில் பதினோரு வீடு. பதினோரு வீட்டிலும் குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் தெருவோரமாக நகர்ந்து நகர்ந்து, பள்ளத்தில் இருந்த கடைசி வீட்டுத் தோட்டத்துக்கு வந்து, வாழைமரத்தடியில் சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். அது தையல்நாயகியின் வீடு. போன வருஷம் ஐப்பசி மழையில் அந்தத் தண்ணீர் வாசற்படி ஏறி உள்ளே வந்து, அவள் புருஷன் அம்பலவாணன் படுத்திருந்த கட்டிலின் காலைப் பாதி முழுங்கிவிட்டது.

அம்பலவாணன் முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். நாளெல்லாம் நின்றுகொண்டே இருந்தவரை, ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது வாதம் அடித்துப் படுக்கவைத்துவிட்டது. வலது பக்கம் விழுந்துபோயிற்று, பேச்சும் போயிற்று. இரண்டு வருஷமாகத் தையல்நாயகிதான் அவருக்குக் கையும் காலும். கஞ்சி கொடுப்பாள், புரட்டிப் போடுவாள், துடைத்துவிடுவாள், அவர் பதில் சொல்லமாட்டார் என்று தெரிந்தும் சாம்பாருக்கு உப்பு போட்டதிலிருந்து அடுத்த தெருக் கல்யாணம் வரை அவரிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவருக்குக் கோபம் வந்தால்கூடத் தேவலை, ஒரு ‘ச்சீ’ சொன்னால்கூடப் போதும் என்று அவள் ஏங்கிய நாள்கள் உண்டு. சீக்கிரம் முடிந்தால் அவருக்கும் நல்லது என்று நினைத்துவிட்டு, நினைத்ததற்காகத் தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்ட நாளும் ஒன்று உண்டு.

இந்த ஐப்பசியிலாவது அந்தக் கட்டில் நனையக் கூடாது என்றுதான் அவள் தோட்டத்தில் உறிஞ்சுகுழி போட ஆளைக் கூப்பிட்டாள். வந்தவன் பிச்சைக்கண்ணு. ஊரில் பாதிக் குழி அவன் வெட்டியது. நாலடி அகலத்தில் ஆறடி ஆழத்துக்கு மூன்று நாளாகக் கடப்பாரை போட்டு வெட்டினான், ஒவ்வொரு வெட்டுக்கும் மண்வெட்டியில் ஒட்டிக்கொண்ட களியைக் காலால் தள்ளித் தள்ளி, அந்த மண்ணை அவன் திட்டிய திட்டை எழுதினால் இந்தக் கதையை வீட்டில் வைத்துப் படிக்க முடியாது. மூன்றாம் நாள் சாயங்காலம் நாற்பது குடம் தண்ணீரைக் குழியில் ஊற்றி, ஒரு மூங்கிலை நட்டு அடையாளம் போட்டார்கள். அரைமணியில் தண்ணீர் நாலு விரல் கீழே இறங்கியிருந்தது. தையல்நாயகிக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய் நாத்தனார் சௌந்தரவல்லிக்குப் போன் போட்டாள்.

“அண்ணி, இழுக்க ஆரம்பிச்சிடுச்சு!” என்றாள்.

அந்தப் பக்கம் போன் கரகரவென்றது. “என்னது?”

“இழுக்குது அண்ணி! நல்லாவே இழுக்குது!”

அதோடு போன் அறுந்துவிட்டது. மண் தண்ணீரைக் குடித்தாலும் இழுக்கிறது என்றுதான் சொல்கிறோம், சாகக் கிடக்கிறவருக்கு மேல்மூச்சு வாங்கினாலும் இழுக்கிறது என்றுதான் சொல்கிறோம், இது தையல்நாயகிக்கு அந்த நேரம் தோன்றவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு வேன் நிறைய அம்பலவாணனின் சொந்தக்காரர்கள், ரோஜாமாலையும் கோடிவேட்டியுமாக வாசலில் வந்து இறங்கினார்கள், இறங்கும்போதே சௌந்தரவல்லி தலையிலடித்துக்கொண்டு, “என் தம்பி, என்னப் பெத்தவனே” என்று ஆரம்பித்துவிட்டாள்.

கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த அம்பலவாணன் குறட்டை விட்டார். எல்லோரும் குனிந்து கேட்டார்கள். “ஆமா, இழுக்குது” என்றார்கள்.

‘நான் சொன்னது குழியை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தையல்நாயகிக்கு வாய் வரவில்லை. நாற்பது மைல் அழுதுகொண்டே வந்தவர்களிடம் எப்படிச் சொல்வது, சாக்கடைக் குழி இழுத்ததற்குத்தான் அவ்வளவு சந்தோஷமாகப் போன் போட்டேன் என்று? வெட்கம் அவளைப் பிடித்துக்கொண்டது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் அதையும் துக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

முறைப்படி பால் ஊற்றினார்கள். அம்பலவாணன் குடித்துவிட்டுக் குறட்டையைத் தொடர்ந்தார். உயிர் போகாமல் இழுத்துக்கொண்டிருந்தால் மண்ணாசை பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம், அவரவர் நிலத்து மண்ணைக் கரைத்து வாயில் விட்டால் ஆசை அடங்கிப் போய்விடுவார்கள் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஆனால் வேனில் வந்த பதினான்கு பேரில் ஒருவருக்கும் ஊர் வயலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வரவேண்டும் என்று தோன்றவில்லை. “எல்லாம் ஒரே பூமாதேவிதான்” என்று சௌந்தரவல்லி தோட்டத்துக்குப் போய், குழி ஓரம் குவிந்திருந்த களியில் ஒரு நெல்லிக்காயளவு கிள்ளி, டம்ளரில் கரைத்து, தம்பி வாயில் மூன்று கரண்டி விட்டாள். அம்பலவாணன் விழுங்கினார். குறட்டை நின்றது. நெஞ்சும் நின்றது. வீடு ஓவென்று அழுதது.

அந்த அழுகைக்கு நடுவில் பிச்சைக்கண்ணு தோட்டத்திலிருந்து ஓடிவந்தான். முந்தின நாள் இறங்கிய தண்ணீர் விடிந்ததும் இறங்காமல் நின்றுவிட்டது, காய்ந்த வெடிப்பு குடித்ததுதான் அந்த நாலு விரல், மண் ஊறி உப்பியதும் வாயை மூடிக்கொண்டது. அதனால் அவன் காலையிலிருந்து குழிக்கு நடுவே, கையால் சுற்றிச் சுற்றித் துளை போடுகிற கைபோர்க் குழாயை இறக்கிக்கொண்டிருந்தான், களிக்கு அடியில் மணல் இருக்கிறது, அதைத் தொட்டால் எவ்வளவு தண்ணீரையும் அது குடித்துவிடும் என்பது அவன் கணக்கு. ஒன்பது அடி இறக்கியிருந்தான், இன்னும் மூன்றடி பாக்கி.

“அக்கா, குழி மூச்சு விடுது” என்றான்.

போய்ப் பார்த்தார்கள். மூங்கிலைச் சுற்றி நின்ற தண்ணீர் ஒரு சாண் கீழே இறங்கியது, நின்றது, ஒரு சாண் மேலே ஏறியது, நின்றது, மறுபடி இறங்கியது. யாரும் கத்தவில்லை. ஒரு கிழவர் மட்டும், “மூச்சு போறதுக்கு ஒரு எடம் வேணும்ல, மண்ணு எங்கேர்ந்து எடுத்தீங்களோ அங்க போயிடுச்சு” என்றார், அது எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. அவர்கள் உள்ளே திரும்பி வந்தபோது அம்பலவாணன் கண் திறந்து கிடந்தார். நெஞ்சு அசையவில்லை, உடம்பு சூடாக இருந்தது.

“எதுக்கு எல்லாரும் அழுவுறீங்க? தையலு, வந்தவங்களுக்குச் சாப்பாடு போடலையா?” என்றார்.

இரண்டு வருஷம் கழித்து அவர் பேசிய முதல் பேச்சு அது. தையல்நாயகி அடுப்படிக்குள் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்றை அழுது முடித்துவிட்டுப் பருப்பு வேகவைத்தாள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, மாலையைத் திருப்பி எடுத்துப்போவது நன்றாக இருக்காது என்று குழி மூங்கிலில் போட்டுவிட்டு, வேன் ஏறினார்கள்.

அதற்கப்புறம் தெரு அந்தக் குழியோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டது. குழியில் தண்ணீர் இறங்கும்போது அவர் மூச்சை இழுக்கிறார், ஏறும்போது விடுகிறார், ஏறும்போது மட்டும்தான் அவரால் பேச முடியும், அதனால் அவரிடம் பேச வருகிறவர்கள் ஜன்னல் வழியாகக் குழியைப் பார்த்துக்கொண்டே பேசவும் பதிலுக்குக் காத்திருக்கவும் கற்றுக்கொண்டார்கள். இரண்டாம் வீட்டு ரெஜினா டீச்சர் வாட்சைப் பிடித்துக்கொண்டு எண்ணிப் பார்த்து, நிமிஷத்துக்குப் பதினாறு, நல்ல மூச்சு என்று சொன்னாள். சுகாதாரத்துறை நர்ஸ் வந்தாள், நாடி பார்த்தாள், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள், பிறகு தோட்டத்துக்குப் போய்த் தண்ணீர்மேல் குழாயை வைத்துக் கேட்டாள், “சளி இல்லை” என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். கொசுமருந்து அடிக்கிறவர் எண்ணெய் டப்பாவோடு வந்தபோது, தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் குழியைச் சுற்றி இடுப்பில் கைவைத்து நின்றார்கள், அவர் வந்த வழியே போய்விட்டார்.

குழி வழிந்தால் அவருக்கு முட்டும், வற்றினால் இரைக்கும், எனவே தண்ணீர் மூங்கில் அடையாளத்தோடு நிற்கவேண்டும். பதினோரு வீட்டுக்காரர்களும் கழிவுத் தண்ணீரைத் தெருவில் விடாமல், குடத்தில் பிடித்து, இடுப்பில் வைத்து, மெயின் ரோட்டு வாய்க்கால் வரை நடந்துபோய்க் கொட்டினார்கள். முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. “ஒரு ஆளு மூச்சு விட ஊரே சாக்கடை சுமக்கணுமா?” என்று நாலாம் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். கேட்டவர்தான் மறுநாள் முதல் ஆளாக இரண்டு குடம் தூக்கிக்கொண்டு போனார், மனுஷர்கள் அப்படித்தான். எதிர்வீட்டு ஜுலைகா பீவி, மகள் பர்வீன் நிறைமாதமாக வீட்டில் இருக்கும்போதே, தோட்டத்துக்கு வந்து குழியில் விழுந்த வாழைச் சருகைக் கையால் எடுத்துப் போட்டுவிட்டுப் போவாள். ஒருநாள் ஒரு ஆடு வேலி தாண்டி வந்து குழியில் வாய் வைத்தது. உள்ளே அம்பலவாணன், “யாரோ நக்குறாங்க தையலு, கூசுது” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் தையல்நாயகி உயிரோடு இருந்தாள். இரண்டு வருஷமாகத் தான் பேசியதற்கெல்லாம் அவர் இப்போது பதில் சொன்னார், ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருந்தார், அந்தச் சாம்பாரில் உப்பு அதிகம் என்றார், அடுத்த தெருக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மூக்கு சரியில்லை என்று நீ சொன்னது தப்பு என்றார். ராத்திரி சீக்கிரம் தூங்கிப் போவார், விடிந்ததும் “தையலு” என்று கூப்பிடுவார். “என்னங்க” என்று அவள் அடுப்படியிலிருந்து ஓடிவருவாள். ஒன்றும் இருக்காது. கூப்பிட முடிகிறதா என்று பார்த்தேன் என்பார். இதைவிட ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்? பிச்சைக்கண்ணு நாலு நாளுக்கு ஒருமுறை வந்து, குழி நடுவே நட்டபடி நின்ற போர்க் குழாயைத் தொடாமல் பார்த்துவிட்டு, “மூணடிதான்க்கா பாக்கி” என்பான். “வாயை மூடு” என்பாள் அவள்.

பர்வீனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஐப்பசியும் பிறந்தது.

முதல்நாள் மழைக்கு மண்மூட்டை அடுக்கிக் குழியைச் சுற்றி அணை கட்டினார்கள். இரண்டாம் நாள் மழைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளிவாளியாக இறைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் மழை, வானத்தில் யாரோ மடையைத் திறந்துவிட்டு மூட மறந்தமாதிரி, நிற்காமல் கொட்டியது, தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், பதினோரு வீட்டுத் தண்ணீரும் வழக்கமான வழியில் வழக்கமான பள்ளத்துக்கு வந்து, மண்மூட்டை மேலேறிக் குழிக்குள் இறங்கிவிட்டது. மூங்கில் அடையாளம் முங்கிப்போயிற்று. குழி இருந்த இடத்தில் தண்ணீர் கொஞ்சமாக, கொஞ்சமே கொஞ்சமாக, நடுங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே அம்பலவாணனுக்கு முகம் நீலம் பாரித்துவிட்டது. இருமினார். வாயோரம் கலங்கல் தண்ணீர் வழிந்தது. தையல்நாயகி அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு துடைத்தாள், துடைக்கத் துடைக்க வந்தது.

“டீச்சர் வீட்டு சோப்புத் தண்ணி” என்றார் அவர், நிறுத்தி நிறுத்தி. “நாலாம் வீட்டு மீன் கழுவின தண்ணி… எதிர்வீட்டுது… வசம்பும் வேப்பெலையும் கசக்குது. பச்ச ஒடம்புக்காரி குளிச்ச தண்ணி தையலு, என் தொண்டையில வந்து நிக்குது. அவுங்க வீட்டுக்குள்ள தண்ணி ஏறிடுச்சா?”

ஏறிவிட்டது. பதினோரு நாள் குழந்தையை மேஜைமேல் படுக்கவைத்துவிட்டுப் பர்வீன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தோட்டத்தில் தெருவே கூடி நின்றது. யாரும் கூப்பிடாமலே பிச்சைக்கண்ணுவும் வந்து நின்றான். அந்தக் குழாயை இன்னும் மூன்றடி இறக்கினால் மொத்தத் தெருத் தண்ணீரும் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், இறங்கிய தண்ணீர் திரும்ப ஏறாது என்பதும் தெரியும், அதனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஜுலைகா பீவிதான் வாசல் வரை வந்து உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

“தையலு, நீ ஒண்ணும் யோசிக்காதே. புள்ளையத் தூக்கிக்கிட்டு நாங்க மேட்டுத்தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடுறோம். அவுங்க மூச்சுல யாரும் கைவைக்க வேணாம்.”

அவள் அப்படிச் சொல்லாமல் சண்டைக்கு வந்திருந்தால் தையல்நாயகியும் சண்டை போட்டிருப்பாள். இதற்கு என்ன செய்வது?

“குழாயை இறக்கச் சொல்லு” என்றார் அம்பலவாணன்.

“நான் மாட்டேன்.”

“தையலு.”

“மாட்டேன்னா மாட்டேன். இருபத்திமூணு நாளாத்தான் எனக்குப் புருஷன் இருக்கான். இன்னும் ரெண்டு நாள்ல மழை விட்டுடும். இறைச்சு ஊத்துறோம். நான் ஒருத்தியே இறைச்சு ஊத்துறேன்.”

அவர் வெளியே பார்த்தார். தண்ணீர் லேசாக ஏறுவதற்காகக் காத்திருந்தார். “பயமாத்தான் இருக்கு” என்றார். “இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா இந்தத் தண்ணியில முங்கிப் போறது இருக்கே, அது அதைவிடப் பயமா இருக்கு. மணலுக்குப் போறேன். அது சுத்தமான எடம்.”

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள், சொல்லாமல் இருந்ததையெல்லாம் சேர்த்து, அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். “அன்னிக்கு நான் குழியைத்தாங்க சொன்னேன். அண்ணி உங்களைன்னு நினைச்சுட்டாங்க. வெட்கப்பட்டுக்கிட்டு வாயத் தொறக்காம நின்னேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க வாயில மண்ணு போட்டிருக்க மாட்டாங்க. எல்லாம் என்னாலதான்.”

அம்பலவாணன் சிரிக்கப் பார்த்தார், சிரிப்போடு தண்ணீரும் வந்தது. “சொல்லியிருந்தா இந்த இருபத்திமூணு நாள் ஏதுடி?” என்றார்.

அவள் அழுதாள். வெளியே பிச்சைக்கண்ணு குழாயின் கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “என் கையால மாட்டேன், என்னை யாரும் கேக்காதீங்க” என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நாலாம் வீட்டுக்காரர், ஆளுக்கு ஒரு சுற்று சுற்றினால் யார் கையில் போனது என்று யாருக்கும் தெரியாதே என்றார். அது நல்ல யோசனைதான், தெருவுக்கு அது சரியாகவும் பட்டது.

“வேணாம்” என்றார் அம்பலவாணன் உள்ளிருந்து. “யாரு கையின்னு தெரியாம நான் போக மாட்டேன். நீ போ தையலு.”

“உங்க பக்கத்துல யாரு இருக்கிறது?”

“அங்க இருந்தாலும் என் பக்கத்துலதானே இருக்கே.”

அவள் ரெஜினா டீச்சரை அவர் தலைமாட்டில் உட்காரவைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்துபோய், குழிமேல் போட்டிருந்த பலகையில் ஏறி, கைப்பிடியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். ஒரு ஆளால் சுற்ற முடியாத குழாய் அது. அவள் பிச்சைக்கண்ணுவைப் பார்க்கவில்லை, அவன் தானாகவே வந்து மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான். சுற்றினார்கள். களி விடவில்லை, குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முனகியது. ஓரடி. மழை அவள் கண்ணை மறைத்தது. இரண்டடி. காலடியில் பலகைக்குக் கீழே தண்ணீர் நடுங்கி நடுங்கி ஏறுவதையும் இறங்குவதையும் அவள் உள்ளங்காலில் உணர்ந்தாள், அவர் இரண்டு வருஷம் ஊமையாகப் படுத்திருந்தபோது நெஞ்சில் கைவைத்துப் பார்ப்பாளே, அதே அளவு, அதே நிதானம். அவர் விடும்போது சுற்றாமல் நின்று, இழுக்கும்போது மட்டும் சுற்றினாள். பிச்சைக்கண்ணுவும் அப்படியே செய்தான்.

திடீரென்று கைப்பிடி இளகியது. முனகல் நின்று, குழாய் நறநறவென்றது. மணல்.

தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. ஒரு சாண் இறங்கியது, நிற்கவில்லை, மூங்கில் அடையாளத்தைத் தாண்டி இறங்கியது, மண்மூட்டையைத் தாண்டி, தோட்டத்தைத் தாண்டி, தெருவில் தேங்கியிருந்த அத்தனை தண்ணீரும் குழியைப் பார்த்துத் திரும்பியது, காணாமல்போன செருப்புகளும் பிளாஸ்டிக் குடங்களும் வாழைச் சருகுகளும் வரிசையாக மிதந்து வந்தன, ஜுலைகா பீவி வீட்டு வாசற்படி ஒன்று தெரிந்தது, இரண்டு தெரிந்தது, மேஜைக்கால் தெரிந்தது. அவ்வளவு நீண்ட மூச்சை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. தண்ணீர் போன பிறகும் எல்லோரும் நின்ற இடத்திலேயே, வெறுங்குழியைப் பார்த்துக்கொண்டு, அது திரும்ப ஏறுமோ என்று நின்றார்கள். ஏறவில்லை. குழியின் அடியில் ஈரமணல் நுரைத்து அடங்கியது.

தையல்நாயகி கையைக் கழுவாமல் உள்ளே போனாள். ரெஜினா டீச்சர் எழுந்து வழிவிட்டாள். “பேசிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் ஏதோ சொல்லணும்னு பெரிசா மூச்சை இழுத்தாருங்க” என்றாள். எல்லோரும் மூச்சை விட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அம்பலவாணன் இழுத்து வைத்துக்கொண்டு போயிருந்தார். நெஞ்சு நிறைந்து உயர்ந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது, சொல்ல வந்தது வாயிலேயே நின்றுவிட்டிருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். திறந்த உதட்டுக்கு உள்ளே நாக்கின் நுனி மேல்பல்லைத் தொட்டிருந்தது. ‘த’ என்று ஆரம்பிக்கிற ஏதோ ஒரு சொல். தண்ணி என்று கேட்கத்தான் இழுத்தாரோ என்னவோ, அந்த நேரத்தில் நா வறண்டிருக்கும், யாருக்குத் தெரியும்.

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

“என்னங்க” என்றாள்.